கணு

குளச்சலில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே என் கடை.
உப்பு தின்ற வயர்லெஸ் பெட்டிகள்,
வாய் பிளந்த எக்கோ சவுண்டர்கள்,
ஈயப்புகை.

"உள்ள என்னதாம்டே கெடக்கு?" என்பார் தாசையன்.
அலை.
"அது வெளிய வேண்டிய மட்டும் கெடக்கே!"

கிடக்கிறதுதான். அது வேறு வகை.
முதுகு தூக்கி வந்து கரையில் விழும்,
தண்ணீரே நடந்து வருவதுபோல.
ஒரு மிதப்பை விட்டுப் பாருங்கள்:
ஏறும், முன்னே சாயும், இறங்கும், பின்வாங்கும்,
ஒரு வட்டம் போட்டுவிட்டு
ஏறக்குறைய விட்ட இடத்திலேயே நிற்கும்.
வந்தது அசைவு மட்டும்.

எக்கோ சவுண்டரின் அலைக்கு முதுகே கிடையாது.
நெருக்கும், விலக்கும், நெருக்கும்.
நெரிசல் பஸ்ஸில் பின்படியில் ஒருவன் தள்ளினால்
முன்படிவரை போய்ச் சேருமே, அந்தத் தள்ளு.
தரை தொட்டுத் திரும்பும்.
வழியில் சாளைக்கூட்டம் என்றால்
திரையில் சிவப்பாய் ஒரு மேகம்.

வயர்லெஸ்ஸுக்கு நீரும் வேண்டாம், காற்றும் வேண்டாம்,
ஒன்றுமில்லாத வெளியிலும் ஓடும்.
ஆனால் நேராகத்தான் ஓடும்.
கடல் வளைகிற இடத்தில்
கூட வளையத் தெரியாது.
அந்த வளைவுக்கு அப்பால் இருந்தான்
என் மச்சினன் லிட்வின், புயலன்று.
பெட்டியில் ஒரு குறையும் இல்லை.
நான்தான் பார்த்துக் கொடுத்தேன்.

அதன்பின் வீட்டில்
செல்சி அந்தச் சுவரிலிருந்து, நான் இந்தச் சுவரிலிருந்து.
எதிரெதிரே ஒரே அளவில் வருகிற இரண்டு அலைகள்
சேர்ந்தால் எங்கேயும் போகாது,
நின்ற இடத்தில் ஆடும்.
அதில் சில புள்ளிகள் மட்டும் அசைவதே இல்லை.
கணு என்று பெயர்.
எங்களுக்குச் சாப்பாட்டு மேஜை.

ஏழாம் மாதம், நாகர்கோவில், ஸ்கேன்.
அவள் வயிற்றில் குளிர்ந்த கூழ்.
"எதுக்கு இது?"
"நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போகாது, திரும்பிரும்," என்றார் டாக்டர்.
"வள்ளத்து அடியிலயும் அப்படித்தான்.
குமிழ் வந்தா மீன் தெரியாது."
செல்சி தலையைத் திருப்பினாள்.
"எம்பிள்ள சாளையாக்கும்?"
பல மாதங்களுக்குப் பிறகு
எனக்கென்று சொன்ன ஒரு வாக்கியம்.
திரையின் புள்ளிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
இரைச்சல் கொஞ்சம் அதிகம், சரிசெய்யலாம்,
அதற்குள் அது கையை மடக்கியது.

திரும்பும்போது மணவாளக்குறிச்சி தாண்டி,
யாரோ எழுந்து கொடுத்த சீட்டில் இருந்துகொண்டு கேட்டாள்:
"லிட்வின் கூப்பிட்டிருப்பான், இல்லியா?"
"கூப்பிட்டிருப்பான்."
"அது எங்க?"
"நம்ம தலைக்கு மேல, நேரா.
வானத்தையும் தாண்டி
இப்பவும் போய்க்கிட்டிருக்கும்."
போகப்போக மெலியும் என்பதைச் சொல்லவில்லை.

பின்படியில் யாரோ தள்ளினார்கள்.
முதுகு முதுகாக அது என்னிடம் வந்தது.
விழாமலிருக்க அவள் தோளைப் பிடித்தேன்.
தள்ளு என்னைக் கடந்து டிரைவர்வரை போனது.
கையை
எடுக்கச் சொல்லவில்லை அவள்.