சாம்பல் நிற டேப்

எனக்குக் கொடுத்தது
ஒரு டிராலி, ஒரு பிளேடு,
சாம்பல் நிறத்தில் நாற்பது ரோல் டேப்.
வேலை: பெயர்களை மூடுவது.

காசு கட்டிய பெயர்கள்
தோஹா முழுக்க நிமிர்ந்து நின்றன.
கோர்னிஷ் ஓரத்துக் கண்ணாடிக் கோபுரத்தில்
முப்பத்தொரு மாடி உயரத்துக்கு ஓர் ஆட்டக்காரன்
இரவும் பகலும் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான்.
அவன் முழங்கால் மட்டும் எங்கள் கேம்ப் அகலம்.

காசு கட்டாத பெயர்கள்
மைதானத்துக்குள் ஒளிந்திருந்தன.
கை உலர்த்தும் மெஷினில்.
குழாயின் கழுத்தில்.
தீயணைப்பு உருளையின் வயிற்றில்.
லிஃப்ட் வாசற்படியில், இன்னும் யாரும் மிதிக்காத
ஐந்து எழுத்து.
கழிப்பறைப் பீங்கானில் நீலமாக, பொடிசாக, ஒன்று.

“இதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்றேன்.
“அங்கே நிற்பவனுக்குப் படிக்க
வேறென்ன இருக்கிறது?” என்றார் ஹிஷாம்.
அதுவும் சரிதான்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
ஒட்டுவதற்கு முன் ஒரு போட்டோ, ஒட்டிய பின் ஒரு போட்டோ.
ஏணி பிடித்த நிஸ்தார் காத்தான்குடிக்காரன்.
“மச்சான், எங்கட ஊர்ல
போர்டுல பேர் போடத்தான் சல்லி குடுப்பாங்க.
இங்க பேர மறைக்கவும் சம்பளம் இரிக்கி” என்பான்.

ஒரு மதியம் ஹிஷாம் என் காலைப் பார்த்தார்.
ஷூவின் பக்கவாட்டில் ஒரு சின்னம்.
நானே குனிந்து ஒட்டிக்கொண்டேன்.
அப்புறம் தண்ணீர் பாட்டில்.
அப்புறம் சாப்பாட்டுப் பை.
தங்கை கல்யாணத்துக்குத் தாலி வாங்கியபோது
தேவகோட்டை நகைக்கடையில் கொடுத்த பை அது.
“தமிழ் எழுத்து சார், யாருக்குத் தெரியும்?”
“கேமராவுக்கு எல்லா மொழியும் தெரியும்.”
என்ன எழுதியிருந்தது என்று
உங்களிடமும் சொல்லக் கூடாது.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசியாக என் முதுகு.
கம்பெனிப் பெயர் அங்கேதான் இருந்தது.
நிஸ்தார் ஒட்டினான்.
குமிழி வராமல் இருக்க
உள்ளங்கையால் அழுத்தி, அழுத்தித் தேய்த்தான்.
உண்மையைச் சொன்னால்
இன்னும் கொஞ்ச நேரம் தேய்க்கட்டும் என்றிருந்தது.

ஆட்ட இரவு.
சனையாவில், லோக் பகதூர் அறையில், நாற்பது பேர்.
டீவிக்குக் கீழே அதன் பெயர் பளபளத்தது.
கை துறுதுறுத்தது.

முதலில் விளம்பரம்.
ஒரு வங்கி அழுதது.
ஒரு கார் ஆளில்லாமல் மணலில் ஓடியது.
ஒரு பர்கர்
எல்லா நாட்டுக் கொடியையும் போர்த்திக்கொண்டது.
மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன்
சிரித்தபடி பந்தை உதைத்தான்.
“யார்ரா இவன், எந்த சைட்?” என்றது பின்வரிசை.
ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

எண்பத்து மூன்றாவது நிமிடம் கோல்.
கட்டில் உடைந்தது.
நிஸ்தார் என் தோளைக் கடித்தான்.
நான் பந்தைப் பார்க்கவில்லை.
கோல் வலைக்குப் பின்னால் ஓர் ஐஸ்பெட்டி.
அதன் மேல் நான் ஒட்டிய டேப்.
ஈரத்தில் மூலை பெயர்ந்து
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.
அடியில் இரண்டு எழுத்து.

ஆறு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.
மெதுவாக ஒரு தடவை,
அதைவிட மெதுவாக இன்னொரு தடவை.
வலை உப்புவதற்கு முன்பும் இரண்டு எழுத்து.
உப்பிய பின்பும் இரண்டு எழுத்து.

போனைக் கையில் வைத்துக்கொண்டு
ஹிஷாமுக்காகக் காத்திருந்தேன்.
ஆட்டம் முடிந்தது. பட்டாசு முடிந்தது.
காலை நாலரைக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது.
அவர் கூப்பிடவே இல்லை.
நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அமலி போனில் கேட்டாள்:
“நீங்க வேலை பார்த்தது ஏதாவது டீவில வந்துச்சா?”
“வந்துச்சு. ரெண்டு எழுத்து.”
“என்ன எழுத்து?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு,
பிள்ளை தூங்கிட்டானா என்று கேட்டேன்.