கணக்கில் வராத பூ

லா சேஹாவில் மழை விட்ட மாலை, ஐந்தரை மணி.
ஏழாம் எண் பசுமைக்குடிலின்
பக்கத் திரைகளை இறக்கிவிட்டான் ஆர்லி.
வெயில் பட்டால் செத்துவிடும் மருந்து இது.
இருட்டும் ஈரமும் இருந்தால்தான்
வேலைக்கு இறங்கும், கள்ளனைப் போல.

மருந்தென்பதும் வாய்ப்பழக்கம்தான்.
மூட்டையில் வந்தது அரிசி,
வெந்த அரிசி, மேலெல்லாம் வெள்ளையாய்ப் பூசணம் பூத்து.
வீட்டில் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டியிருப்பேன்.
இங்கே வாளியில் அலசி
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு
கழனித்தண்ணீர் போல் வடிகட்டி
முதுகில் சுமந்து போகிறோம்
சாமந்திப் பாத்திகளுக்குள்.

என் வேலை எண்ணுவது.
நீல அட்டையில் ஒட்டிய இலைப்பேன்கள்,
கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி.
ஒரு பெட்டிக்குள் ஒன்றே ஒன்று உயிரோடிருந்தாலும்
மயாமியில் மொத்தச் சரக்கும் நிற்கும்.
நான் மயாமியைப் பார்த்ததில்லை.

போன வருடம்வரை சிவப்புக் கொடி நடுவார்கள்.
கொடி இறங்கியபின் போனாலும்
மதியச் சோற்றில் தகரம் மணக்கும்.
இலைப்பேனுக்கு அந்த விஷம் பழகிவிட்டது.
எனக்குப் பழகவில்லை.

இப்போது கொடி இல்லை.
முதல் வாரம் அட்டையில் நாற்பத்தொன்று.
இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு.
"சோத்தைத் தெளிச்சா பூச்சி சாகுமா?"
கொத்துக் கட்டும் கூடத்தில் சிரித்தார்கள்.
மூன்றாம் வாரம்
நாற்பத்து மூன்று.

பதிவேட்டைப் புரட்டியவள் நூபியா.
திங்கள் மாலை நாங்கள் தெளித்ததை
செவ்வாய் விடியலில்
வெண்துரு நோய்க்கென்று வந்த இன்னொரு குழு
பூஞ்சைக்கொல்லி அடித்துத் தீர்த்திருக்கிறது.
மூன்று செவ்வாயும்.
இரண்டு உத்தரவிலும் ஒரே கையெழுத்து.
பொறியாளர் தன் பேனாவின் மூடியைத்
திறந்தார், மூடினார், திறந்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி அரிசி. மறுபடி ஐந்தரை மணி.
செவ்வாய்க்கிழமை
குடில் வாசலில் நாற்காலி போட்டு
ஆர்லியே உட்கார்ந்துகொண்டான்,
ஒரு குவளைக் காப்பியோடு, யாரையும் உள்ளே விடாமல்.

இன்று காலை
பதினாறாம் பாத்தியில், இலைக்கு அடியில், ஒன்று.
ஓடவில்லை.
பென்சில் முனையால் தள்ளினேன்.
அப்போதும் ஓடவில்லை.
கண்ணாடியை வைத்தேன்.
கால் மூட்டுகளிலிருந்து, கழுத்து மடிப்பிலிருந்து,
உள்ளே தின்று தீர்த்தது வெளியே வந்து
பஞ்சு பஞ்சாகப் பூத்திருந்தது.
கடுகில் பாதிகூட இல்லாத உடம்பில்
அத்தனை பூ.

படிவத்தில் இரண்டே கட்டம்:
உயிருள்ளது, இறந்தது.
செத்தது பூச்சி. அதன்மேல் இருப்பதற்கு
நல்ல உயிர்.
எங்கே எழுதுவது?
ஓரத்தில் புதிதாய் ஒரு கட்டம் கிழித்தேன்:
பூத்தது, ஒன்று.

தோளுக்குமேல் எட்டிப் பார்த்து
நூபியா கேட்டாள்: "என்ன ரகம்?"
வெள்ளை. வாசம் கிடையாது.
பெட்டிக்கு ஆகாது.