முப்பத்தேழாம் வரிசை

காசு வந்த அன்று
கணக்குப் புத்தகத்தில்
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று தெரியவில்லை.
கோயிலுக்கு வந்தால் திருப்பணி.
பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கட்டட நிதி.
வெங்காயத்துக்கென்று
அதுவரை ஒருவரும் அனுப்பியதில்லை.

அனுப்பியவர் அருந்தவமலர்.
ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை
இருபத்தாறு வருடம் தோய்த்தவர்.
கடிதத்தில் மூன்றே வரி:
"இலை முறுகிற வருத்தத்துக்கு நிண்டு பிடிக்கிற வெங்காயம் வேணும்.
எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி.
கிடைச்சால் விக்கக் கூடாது."

ஜெனிற்றா உரும்பிராயில்
நாலு பரப்பு குத்தகைக்கு எடுத்தாள்.
செம்மண் முதல் கிழமையே
அவளுடைய சப்பாத்தைத் தன் நிறமாக்கியது.
நானூற்றுப் பன்னிரண்டு வரிசை.
குப்பிளான், ஏழாலை, நீர்வேலி,
பூநகரியில் ஒருவர்
மனமில்லாமல் தந்த ஒரு பிடி.

பிறகு, வருத்தம் வந்த தோட்டங்களின் சருகை
உரப்பையில் அள்ளிவந்து
வேண்டுமென்றே தூவினாள்.
பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டி
"பிள்ளைக்குக் காசு கூடிப்போச்சோ" என்றார்.

மார்கழி மழை விட்டதும்
கழுத்து நீண்டது, இலை முறுகியது,
ஒவ்வொரு வரிசையாய் மஞ்சளித்துச் சரிந்தது.
அவள் சரிந்தவற்றுக்கு இலக்கம் போட்டாள்.
நான் டீசலுக்கும் கூலிக்கும் சிட்டை எழுதினேன்.
இரண்டாம் வருடம் அறுபது வரிசை.
மூன்றாம் வருடம் பதினொன்று.
சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
"இவ்வளவு காசுக்கும் என்ன இருக்கு?"
"செத்ததுகளின் பட்டியல் இருக்கு" என்றாள்.

நாலாம் வருடம்
முப்பத்தேழு மட்டும் நின்றது.
பெரிய அழகில்லை. நிறம் கொஞ்சம் மங்கல்.
உரித்தால் கண் எரிந்தது,
அதில் குறையேதும் இல்லை.

அதற்குள் கொழும்பிலிருந்து
ஒரு விதைக் கொம்பனியின் வெள்ளைக் கார்.
பெயரும் உரிமையும் தங்களுக்கென்று எழுதித் தந்தால் போதுமாம்.
தொகையைத் தாளில் எழுதி
என் பக்கம் திருப்பினார்கள்.
அந்தக் காசில் மிளகாய்க்கும் ஆராய்ச்சி செய்யலாம்.
ஒப்புக்கொள்ளலாமென்று கை தூக்கியவர்களில்
நானும் ஒருவன்.

அழைத்தபோது அவர் பஸ்ஸில் இருந்தார்.
அடுத்த தரிப்பின் பெயரை ஒரு குரல்
ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.
முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தம்பி, அதை அவைக்குக் குடுத்தால்
குப்பிளான் சனம் ஆரிட்டைப் போய் வாங்கும்?"

ஆளுக்குப் பத்துக் கிலோ கொடுத்தோம்.
கையெழுத்தில்லை, படம் எடுக்கவில்லை.
அடுத்த போகத்தில்
இரண்டு பேருக்குப் பத்துப் பத்தாய்க் கொடுக்க வேண்டும்,
அவ்வளவுதான் பேச்சு.
உபயம் என்று எங்காவது அவர் பெயரைப் போடலாமென்று
சிலர் சொல்லிப் பார்த்தார்கள்.
வெங்காயத்தில் எங்கே போடுவது?
உரிக்க உரிக்கக் கழன்றுபோகும் சாமான்.

அடுத்த ஆடியில் சுன்னாகம் சந்தை.
சிவபாதத்தின் கடையில் மட்டைப் பலகை:
"அசல் 37. விலை பேசப்படாது."
எனக்குக் கை நடுங்கியது.
அங்கேயே நின்று கனடாவுக்கு அடித்தேன்,
அவருக்கு விடியப்புறம் என்பது நினைவில்லாமல்.
நித்திரைக் குரலில் சிரித்தார்.
"வித்தாலும் முளைக்கும்தானே."

எனக்கு அது இன்னும் சமாதானமில்லை.
யார் யாரிடம் போனதென்று
ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்.
இருநூற்றுப் பதினாலாம் பெயருக்குப் பிறகு
தடம் பிடிக்க முடியவில்லை.

போன மாதம் முல்லைத்தீவு பஸ்ஸில்
பக்கத்தில் இருந்த மனிசன்
மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார்.
மங்கல் நிறம்.
"புது இனம். வருத்தம் கிட்டவும் வராது.
எங்கையிருந்து வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.
கொஞ்சம் வைச்சுப் பாருங்கோ.
சரிவந்தால் ரெண்டு பேருக்குக் குடுக்கோணும், என்ன?"

இரண்டு கையையும் நீட்டினேன்.
எனக்கு ஒரு குழிகூட நிலமில்லை என்பதை
அவரிடம் சொல்லவில்லை.