ருசி பார்த்தது கணக்கில் சேராது

மூச்சை இழுத்துப் பிடிங்க.
பிடிக்கிறார்.
வலது விலாவுக்குக் கீழே ஜெல்லின் குளிர்ச்சிக்கு
வயிறு ஒருமுறை சிலிர்த்து அடங்குகிறது.
காரைக்குடி, கழனிவாசல் சாலை,
மாடியில் ஜன்னலில்லாத அறை.

முதல் தடவை வந்தபோது வயிரவனுக்கு முப்பத்தெட்டு.
பலகார மாஸ்டர்.
பள்ளத்தூரோ கோனாப்பட்டோ, எங்கே அறுபதாம் கல்யாணம் என்றாலும்
முதல் ஈடு இவர் கையால்தான் எண்ணெயில் விழ வேண்டும்.
பித்தப்பையில் கல்லா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள்.
கல் இல்லை.
ஈரல் மட்டும்
பக்கத்துச் சிறுநீரகத்தைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது.
இரண்டும் ஒரே மழைமேக நிறத்தில் இருக்க வேண்டும்.

தண்ணி போடுவீங்களா?
"சத்தியமா இல்லை."
பலகாரம்?
"ருசி பாப்பேன்மா.
ருசி பாக்கறது திங்கறதுல சேராது."

ஈரலிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை.
பதம் பார்த்த கந்தரப்பமும் பற்று,
உப்புப் பார்த்த கறிக்குழம்பின் மேலெண்ணெயும் பற்று.
கடைசிப் பந்தி எழுந்து, அண்டா கழுவப் போகும் நேரத்தில்
மிச்ச நெய்யை வழித்துப் பிசைந்த சோறும்.
வந்ததைப் பிரிக்கும், முடிந்ததை எரிக்கும்,
மற்றதை மூட்டை கட்டி ரத்தத்தில் ஏற்றிவிடும்.
வண்டி பத்தாத நாளில் மூட்டை கிட்டங்கியிலேயே தங்கும்.
பிறகு நடையில்.
பிறகு படுக்கிற இடத்தில்.
செல்லுக்குள் ஒரு துளி எண்ணெய், இன்னொரு துளி,
கூடிப் பெருத்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளுகிறது,
சொந்த வீட்டில் மூலையில் ஒண்டுகிறவனைப் போல.
இன்சுலின் வாசலில் வந்து, போதும், இனிச் சர்க்கரை காய்ச்சாதே என்கிறது.
உள்ளே யாருக்கும் காது கேட்கவில்லை.
பட்டினி கிடந்த இரவிலும்
அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

வலிக்குமா?
வலிக்காது. அதுதான் அதன் கெட்ட குணம்.

நாற்பத்து மூன்றில் சர்க்கரை மாத்திரையோடு வந்தார்.
தலையைத் தூக்கித் திரையைப் பார்த்து
"அட, நம்ம வெள்ளைப் பணியாரம்" என்றார்.
மாவு சிவக்காமல் எழும்பத்
தீயை எந்த நேரத்தில் அடக்க வேண்டும் என்று
ஜெல்லைத் துடைத்து முடிக்கும்வரை விளக்கினார்.
நான் எழுதினேன்: கொழுப்பு ஈரல், இரண்டாம் நிலை.
ஒன்றரை மணிக்கு எனக்குப் பசித்தது.
எதிர் மெஸ்ஸில், குழம்பை மேலாக எடுத்து ஊற்றச் சொன்னேன்.

இடையில் ஒன்பது வருடம் வரவில்லை.

இன்று தோளில் சட்டை தொங்குகிறது,
வயிற்றில் மட்டும் பொத்தான் திணறுகிறது.
திரையில் அந்த வெள்ளை இல்லை.
நான் மறைப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.
"கொறஞ்சிருச்சுல்ல?
உமையாகிட்ட நீங்களே சொல்லுங்க,
இவனுக்குக் கொழுப்பு அடங்கிருச்சுன்னு.
கல்யாணமான நாள்லேருந்து அதத்தான் கேக்குறா."
சிரித்ததில் படம் முழுக்கக் குலுங்கியது.

குலுங்கி நின்றபின் பார்த்தேன்.
ஈரலின் ஓரம் வழுவழுப்பாக இல்லை.
மேடு, பள்ளம், ஒரு சிறு மேடு,
அதைச் சுற்றிக் கறுப்பாக நீர்.
எரிந்து தீர்ந்த இடத்தில் எண்ணெய் நிற்காது,
தழும்புதான் நிற்கும்.
கல்லீரல் என்று ஆயிரம் தடவை எழுதிய கை இது.
அந்தச் சொல்லில் கல் இருப்பதும்
ஈரம் இருப்பதும்
இன்றைக்குத்தான் காதில் விழுகிறது.

சொல்வது என் வேலையில்லை.
டாக்டர் ஆறு மணிக்கு வருவார்.
இன்னொரு தரம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்,
அந்த மேட்டை அளக்க.
அளந்து, எண்ணைத் தட்டி,
பேரைச் சரிபார்த்து, வயதைச் சரிபார்த்து,
விடுங்க என்று சொல்ல மறந்துபோனேன்.

பணியாரம் வேகும்வரை வாணலியை விட்டுக் கண்ணெடுக்காதவர்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு
பிடித்திருக்கிறார்.