அரை மீட்டர்

பேசாலையிலிருந்து டிலக்சனா எழுதியது ஒற்றை வரி:
"அக்கா, வெளியில வச்சுக் கட்டினா உடையுது."
அதன் கீழே சிவப்பில் எழுபது வரி.
கடைசி வரியில்
ஆஃப்செட் கோப்பைக் காணோம்.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்,
கச்சான் தகரத்தைப் பிராண்டும் இரவில்
எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்:
என்னிடம் ஓடுகிறதே.

ஓடத்தான் செய்தது, இரண்டு வருடமாக.
மூல நிரல் கிடக்கும் அடைவுக்குள்ளேயே
மேக் என்று தட்டுவேன்.
சமைத்த சட்டியில் தின்று
அதிலேயே கை கழுவுகிற ஆள்.
அவள் அப்படியில்லை.
மூலத்தில் விரல் படாமல்
பக்கத்தில் வெற்று அடைவொன்று திறந்து
அங்கே கட்டுகிறாள்.
வடகடலில் விட்ட வலையைத்
தென்கடலில் நின்று இழுப்பாயா என்று
கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை, நல்லவேளை.

புதுப் பிரதி ஒன்று இறக்கினேன்.
சிக்னல் ஒரே கோடு.
பன்னிரண்டு சதவீதத்தில் நின்று
டீ ஆறியபின் நகர்ந்தது.
வெளியே ஒரு அடைவு. கட்டினேன்.
உடைந்தது.
அதே எழுபது வரி, அதே கோப்பு.

மேக் கோப்பின் பதினாறாம் வரியில்
புள்ளி, புள்ளி, சாய்கோடு:
ஒரு படி மேலே போய்ப் பார்.
எந்தப் படியிலிருந்து மேலே என்று
எழுதவில்லை நான்.
வழி கேட்டவனிடம் அடுத்த தெரு என்று சொல்லிவிட்டுக்
கதவைச் சாத்தியவள் மாதிரி.

முகவரியை முழுசாகக் கொடுத்தேன்.
கட்டியது. உள்ளேயும், வெளியேயும்.
எழுந்து சோம்பல் முறித்தபோதுதான் உறைத்தது,
எங்குமே இல்லாத கோப்பு
என்னிடம் மட்டும் எப்படி இருந்தது?

இருந்தது.
என் பழைய அடைவின் அடியில்
இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு.
லூர்துராயன் விசைப்படகுக்கு அளந்தது:
ஒலிமானி நீர்மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு சென்டி.
இன்னாசியின் வள்ளத்துக்கு நாற்பது என்று
தை மாதமே மாற்றினேன்; பதிவு இருக்கிறது.
இருக்கிற கோப்பை எதற்குப் புதுசாக்க என்று
மேக் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறது.
ஒரு எச்சரிக்கை இல்லை,
ஒரு முணுமுணுப்பு இல்லை.

பங்குனியில் இன்னாசி வந்து
"உன் பெட்டி தண்ணியக் கூட்டிக் காட்டுது" என்றார்.
முயல்தீவுப் பக்கம் பாரில் உரசி
விசிறி இதழ் போயிருந்தது.
வற்று நேரம் பார்க்காமல் போனீர்களோ என்று
அவருக்கு நான் கடலைச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தக் கோப்பை அழித்தேன்.
டிலக்சனாவுக்கு எழுதினேன்:
திருத்தியாச்சு.
உன்னிடம் உடைந்ததுதான் சரி.
என்னிடம் ஓடியதுதான் பிழை.

விடிகாலை நாலரை, வடக்குத் துறை.
இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு
இன்னாசி கேட்டது ஒன்றுதான்:
"எவ்வளவு கூட்டிக் காட்டுச்சு?"
குனிந்து
என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.
அவர் என் காலைப் பார்த்தார்,
கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார்.
"விசிறிக்கு ஆறாயிரம்" என்றார்.
பிறகு
"ஏறு, போட்டுட்டுப் போ."