சேகரித்தவர்

நவம்பர். பதூமியில் மழைக்கு வேறு வேலை கிடையாது.
நனைந்த ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்
சாக்வி மேட்டிலிருந்து, குலாதி சுர்மானிட்ஸே.
மேஜைமேல் ஒரு ரொட்டிப் பை,
பைக்குள் மாண்டரின் இலைகள் பதினொன்று.
"சிரங்கு," என்றார். "என் மரங்களுக்குச் சிரங்கு."

இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஒட்டி,
பழுப்புச் சிப்பிகள்.
கடல் கூப்பிடு தூரம்தான்;
இவை கடலைக் கண்டதில்லை.
ஊசியால் நெம்பினால் கழன்று வருவது கூரை மட்டும்.
சின்ன வயதில் உரித்த இரண்டு தோல்களும்
கொஞ்சம் மெழுகும் சேர்த்து
அவளே வேய்ந்த கூரை.
அடியில் அவள்.

ஆறு காலோடுதான் பிறந்தாள்.
ஒரு நாள் நடந்திருப்பாள், மிஞ்சினால் இரண்டு.
பிடித்த இடத்தில் வாயைச் செருகினாள்.
முதல் தோலோடு கால்கள் போயின.
அதன் பிறகு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.
ஆணுக்கு இறக்கை முளைக்கும், வாய் முளைக்காது.
பசியோடு பறந்து பசியோடு சாவான்.
இனம் பிரிக்கும்போது அவனை யாரும் கேட்பதில்லை.

"எப்போ தெரியும்?"
"நாளைக்கு."
"லாரி இன்றைக்கே நிற்கிறதே."

இரவு. காரத்தில் போட்டுச் சூடாக்கினேன்.
மெல்ல, மிக மெல்ல அழுத்தினால்
கொழுப்பு வரும், முட்டை வரும்,
அவள் குடித்த மரம் வரும்.
கடைசியில் ஒரு வெற்றுத் தோல்,
அதற்குச் சிவப்புச் சாயம், அப்புறம் கிராம்பெண்ணெய்.
வீடு திரும்பினால் என் மகன் கேட்பான்:
யாருக்கு அம்மா பல்வலி?

புத்தகம் கேட்கிறது:
பின்விளிம்பில் மடல்கள் இரண்டு ஜோடியா? ஆம் எனில் ஏழுக்குப் போ.
போனேன்.
மடலில் பிளவு உண்டா? ஆம் எனில் ஒன்பதுக்குப் போ.
போனேன்.
ஒன்பதில்:
துளைகள் எட்டும் அதற்கு மேலும் என்றால் ஓர் இனம்.
ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் வேறு இனம்.
எண்ணினேன். ஆறு.
விளக்கைத் தணித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி எண்ணினேன்.
இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு.

எழுதியவர் ஆறைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

முதலாவது என்றால், இந்தக் கரைக்குப் பழங்குடி.
லாரி சார்ப்பி எல்லையைத் தாண்டும்.
இரண்டாவது என்றால், பெயர் பட்டியலில் இருக்கிறது.
மரங்களுக்கு ரம்பம்.
ஒரு மயிரிழைத் துளையில்
நூற்று நாற்பது மரங்கள்.

இன்னொருத்தி வேண்டும் என்று மீதி இலைகளைத் தேடினேன்.
கூரைகள் ஏராளம். தூக்கிப் பார்த்தால் ஆளில்லை.
ஒவ்வொரு கூரையிலும் வட்டமாய் ஒரு ஓட்டை,
கைதேர்ந்த தச்சன் துளையிட்டதுபோல்.
முற்றுப்புள்ளியில் பாதிகூட இல்லாத குளவி
உள்ளேயிருந்து தின்று வளர்ந்து
கூரையைத் திறந்துகொண்டு போயிருக்கிறது.
தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல்
ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

உயிரோடு இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள்.
ஒருத்திக்கு எட்டு.
மற்றவளுக்கு ஐந்து.

காலையில் சொன்னேன்: பேரினம் உறுதி.
இனம் உறுதியில்லை. திபிலிசிக்கு அனுப்புகிறேன்.
குலாதி தொப்பியைக் கழற்றி மழையை உதறினார்.
"பெயர்கூட இல்லாத ஒன்றுக்காகவா என் லாரி நிற்கிறது?"

பதில் தோன்றவில்லை. லேபிள் எழுதினேன்.
விருந்தோம்பி: மாண்டரின், இலை.
சேகரித்தவர்: கு. சுர்மானிட்ஸே.
"இதில் என் பெயர் எதற்கு?"
"யார் கொண்டுவந்தார்களோ அவர் பெயர். வழக்கம்."
"எத்தனை நாள் இருக்கும்?"
"பிசின் உறைந்தால் நூறு வருஷம்."
மூன்று வாரமாக அதைச் சுரண்டி, எரித்து,
எண்ணெய் அடித்துத் தீர்க்கப் பார்த்தவர்
கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்வி என்று போடாதீர்கள்," என்றார்.
"அது கீழே. நாங்கள் சாக்விஸ்தாவி."

அடித்துத் திருத்தினேன்.
இனத்தின் வரியில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

போகும்போது ரொட்டிப் பையைத் திருப்பிக் கேட்டார்.
கொடுக்கக் கூடாது. விதி.
வெறும் பைதானே என்றார்.
ஆமாம் என்றேன்,
பிடித்துக்கொண்டே.