மீதம்: பூஜ்யம்

காலை ஒன்பதரைக்குக் குழாய்களில்
ஊதா நிறம் ஊற்றி வைக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் நெல்லிச்சாறு ஒரு துளி.
அரைமணி நேர இருட்டுக்குப் பிறகு திறந்தால்
ஊதா வெளுத்து மஞ்சளாகியிருக்கும்.
ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டரில் கருவி
அதை ஓர் எண்ணாகத் துப்பும்.
மூன்று வருடமாக நான் கண்ணால் பார்க்கும்
ஒரே அற்புதம் இது.

கண்ணாடிக்குள் எல்லாமே சமர்த்து.
உடம்பு அப்படியில்லை.
அதற்குள் நாலு இட்லி இருக்கிறது,
இரவு ஷிஃப்ட் இருக்கிறது,
மீன்பிடித் தடைக்காலத்து வட்டி இருக்கிறது.

பதினொரு மணிக்குத் தேசப்பன் வந்தார்.
எங்கள் ஏட்டில் முப்பத்தொன்பது.
காசிமேட்டில் விசைப்படகுகளின் துரு சுரண்டுகிறவர்.
வயது நாற்பத்து நான்கு,
அவர் சர்க்கரைக்கு வயது ஆறு.

சேர்ந்த அன்று
ஒப்புதல் படிவத்தின் ஏழு பக்கத்தையும்
பொறுமையாகப் படித்துச் சொன்னேன்.
நாம் இழுக்கிற மூச்சே செல்லை அரிக்கிறது,
அதைத் தடுக்கச் சில பொருட்கள், இத்யாதி.
“துருன்னு சொல்லேம்மா” என்றார்.
ஏழு பக்கமும் அதற்குள் அடங்கிவிட்டது.
“நிக்குமா அது?”
நிக்காது. தள்ளிப் போகுமான்னு பாக்கிறோம்.
“நாங்களும் அதான் பண்றோம்.
சொரண்டிட்டு ரெட் ஆக்சைடு அடிச்சா
ஒரு வருசம் தாங்கும். அப்புறம் மறுபடி.”

இன்று டப்பாவைக் கவிழ்த்தேன்.
அறுபது காப்ஸ்யூல், முப்பது நாள்.
மீதம்: பூஜ்யம் என்று எழுதினேன்.
மூன்று மாதமும் அப்படித்தான்.
மற்றவர்கள் நாலைந்து மிச்சம் கொண்டுவருவார்கள்.
கொடுங்கையூர் அம்மா ஒருவர்
டப்பாவில் ஏலக்காய் போட்டு வைத்திருந்தார்,
காப்ஸ்யூல் எங்கே என்று கேட்டதற்கு
“நல்ல டப்பாம்மா இது” என்றார்.
முப்பத்தொன்பதைத்தான்
எல்லோருக்கும் உதாரணமாகச் சொல்லிவந்தேன்.

ஊசியை எடுத்ததும்
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
“காலைல எனக்கு. ராத்திரி அண்ணிக்கு.”

நாகபூஷணம்.
ஜூன் மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.
சிறுநீரகம் தாங்காது என்று
நான்தான் குறுக்கே கோடு போட்டேன்.
“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல்
பையில் செருப்பைத் தேடுகிறவர்போல
எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“இயற்கைதானே, நெல்லிக்காதானே,
இன்னா ஆயிடப் போவுது” என்கிறார் தேசப்பன்.
திட்ட வேண்டும் எனக்கு.
நகக்கண்ணில் செங்காவி ஏறிய அந்தக் கையில்
ரத்தம் நின்றுவிட்டது,
பஞ்சை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார்.

நெறிமுறை மீறல் படிவத்தில்
காரணம் எழுத ஒரே ஒரு வரி.
‘குடும்பம்’ என்று எழுதி
அடித்துவிட்டு
‘பகிர்ந்துகொண்டார்’ என்று எழுதினேன்.

அந்தக் காப்ஸ்யூல் நெல்லியா, வெறும் சோளமாவா,
எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.
தெரிந்த உறை இரும்பு அலமாரிக்குள்,
சாவி டாக்டரிடம்,
டாக்டர் கூட்டத்தில்.
நாளைக்கு வெறும் வயிற்றோடு
அண்ணியைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் முடியக் காத்து நிற்கிறேன்.
மூன்று வருடம் கொட்டை நீக்கி,
உலர்த்தி, அரைத்து, வடித்து,
இதில் ஏதோ இருக்கிறது என்று
ஊருக்கெல்லாம் நிரூபிக்க வந்தவள்
கதவருகே நின்று வேண்டிக்கொள்கிறேன்:

மாவாக இருக்கட்டும்.
முப்பத்தொன்பதுக்கு மட்டும்
வெறும் மாவாக இருக்கட்டும்.